மணி ஏன் தலையாட்டினான்?

எங்கள் வீட்டில் ஒருத்தன் ரெண்டு மாசமாக எதைக் கேட்டாலும் ‘இல்லை... இல்லை...’ என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

“சாப்பிடுறியாடா?” - தலையாட்டல்.

“பீச்சுக்குப் போலாமா?” - தலையாட்டல்.

“குளிக்கிறியா?” - பலமான தலையாட்டல். (இதுக்கு மட்டும் பிறந்ததிலிருந்தே அவன் பதில் அதுதான்!)

அவன் பெயர் மணி. பாதி லேப்ரடார், மீதி அசல் கடலூர் மஞ்சக்குப்பம். வலது காது நாட்டு நாய் மாதிரி விறைப்பாக நிற்கும். இடது காது லேப்ரடார் மாதிரி மடங்கித் தொங்கும். 2020 நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்த மறுநாள் காலை, எங்கள் கேட்டுக்கு வெளியே ஒரு சிமென்ட் சாக்குக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்தான். அப்போது நான் பிளஸ் ஒன். கொரோனா, ஆன்லைன் கிளாஸ், பேச ஆளில்லை. புயல் எனக்கு அனுப்பின பார்சல்னு எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

அப்புறம் நான் சிதம்பரத்துக்கு, அண்ணாமலை நகரில் பி.எஸ்சி. நர்சிங் படிக்கப் போய்விட்டேன். வாரக் கடைசியில்தான் வீடு. சனிக்கிழமை ராத்திரி கேட் கொண்டியில் கை வைத்தாலே போதும், வாசற்படி வரைக்கும் ஓடி வந்து வாலால் தரையைப் பெருக்குவான்.

அந்த மணிதான் 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் அடித்து, தென்பெண்ணையில் வெள்ளம் வந்து, தெருவெல்லாம் தண்ணி நின்ற அந்த டிசம்பரில் தலையாட்ட ஆரம்பித்தான். மூணு நாள் வெள்ளத்தில் ஆசை தீர நீந்தினான். நாலாவது நாள், இடது காதைப் பின்னங்காலால் சொறிந்தான். எங்கள் வீட்டு எஃப்.எம். ரேடியோவே அவன்தான். காதை உதறும் ‘பட் பட் பட்’ சத்தம் ராத்திரி பூராவும் கேட்கும்.

காதைத் தவிர எல்லாம் பார்த்தாங்க

ஆடு, மாடு, நாய், பூனை எதுவானாலும் எங்கள் பக்கம் ‘மாட்டாஸ்பத்திரி’ என்றுதான் சொல்வோம். அப்பா கூட்டிக்கொண்டு போனார். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று சொல்லப்போவதில்லை. ஏன் என்றால் தப்பு அவர் மேல் மட்டும் இல்லை. அது கடைசியில்தான் எனக்கே புரிந்தது.

அன்றைக்கு அங்கே ஒரே ஒரு டாக்டர். வாசலில் ஆடுகள் ஒரு பக்கம், கோழிக்கூடையோடு ஒரு பாட்டி, கன்று போட முடியாமல் ஒரு பசு தவிக்கிறது என்று ஊரிலிருந்து போன் மேல் போன். மணி முறை வந்தபோது, “என்ன?” “காதைச் சொறியுது சார்.” தூரத்திலிருந்தே மடல் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். சீட்டு. காது டிராப்ஸ். முடிந்தது. மொத்தம் ரெண்டு நிமிஷம் இருக்கும்.

டிராப்ஸ் விட்டதும் மூணே நாளில் மந்திரம் மாதிரி நின்றது. ‘சூப்பர் மருந்து’ன்னு நிறுத்திவிட்டோம். பத்து நாளில் மறுபடி ‘பட் பட் பட்’. மறுபடி போனோம், அதே டிராப்ஸ். மூணாவது தடவை ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. காலி பாட்டிலை மெடிக்கல் ஷாப்பில் காட்டி, ‘இதே ஒண்ணு குடுங்கண்ணா’.

அந்த ‘மந்திரம்’ என்ன என்று இப்போது தெரியும். நாய்க் காதுக்குத் தரும் டிராப்ஸ் பலவற்றில் பாக்டீரியாவுக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, வீக்கத்தையும் அரிப்பையும் அடக்க ஸ்டீராய்டு ஒன்று என மூணு மருந்து சேர்ந்திருக்கும். ஸ்டீராய்டு வேலையைச் சீக்கிரம் காட்டிவிடும். அரிப்பு நின்றதும் நோய் போய்விட்டதாக நாம் நினைப்போம். உள்ளே கிருமி ‘அப்பாடா’ன்னு காலை நீட்டிப் படுத்திருக்கும்.

இன்னொரு விஷயம் எனக்கே தெரியாமல் நடந்துகொண்டிருந்தது. அது யாருக்கும் தெரியாது, எங்கள் ஆயாவைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

பிப்ரவரி மாசம். தம்பி ஸ்கூலிலிருந்து வந்து, வழக்கம்போல மணி கழுத்தைக் கட்டிக்கொண்டு காதைப் பிடித்து ஆட்டியிருக்கிறான். நாலு வருஷத்தில் ஒரு ஈயைக்கூடக் கடிக்காத மணி, ஒரே கவ்வு. கையில் ரெண்டு பல் இறங்கிவிட்டது.

அம்மா போனில் அழுதாங்க. நான் ஹாஸ்டலில் இருந்து கத்தினேன். “முதல்ல சோப்பு போட்டு, ஓடுற தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீங்க. உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க.” மணிக்கு வருஷா வருஷம் வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருந்தாலும் ரிஸ்க் எடுக்க முடியாதே. 0, 3, 7, 28 என்று தம்பிக்கு நாலு நாள் ஊசி.

அன்று ராத்திரி அப்பா பேசினார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“பாப்பா, போதும்மா. கடிக்கிற நாயை வீட்ல வெச்சுக்க முடியாது. தெரிஞ்சவங்க தோப்பு ஒண்ணு இருக்கு, அங்க கொண்டு போய் விட்டுடலாம்.”

‘தோப்பு’ என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நாய் வளர்க்கிற எல்லா வீட்டிலும் தெரியும். போகிற வழியில் ஏதோ ஒரு ரோட்டோரம்.

“ஒரே ஒரு வாரம் டைம் குடுங்கப்பா” என்றேன். அதுக்கு மேல் என்னிடம் எந்தத் திட்டமும் இல்லை.

நீலக் கோட்டு அக்கா

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆட்டோக்காரர்கள் யாரும் ஏற்றமாட்டேன் என்றார்கள். கடைசியில் அப்பாவின் நண்பரின் குட்டியானையில் மணி, நான், அம்மா, ‘நானும் வருவேன்’ என்று அடம்பிடித்து ஏறிய ஆயா. பாண்டிச்சேரி ரோட்டில், கிளாஸ்மேட் ஒருத்தி சொன்ன ஒரு சின்ன கிளினிக்.

உள்ளே போனதும் டாக்டர் வரவில்லை. நீலக் கோட்டு போட்ட ஒரு அக்கா வந்தார். கையில் ஒரு நோட்டு. மணி பக்கம் போகக்கூட இல்லை. கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்துகொண்டு எங்களிடம் பேச ஆரம்பித்தார். சரி, பில் போடுகிறவங்க போல என்று நினைத்தேன்.

“எப்போலேர்ந்து? முதல்ல எந்தக் காது?”

“இடதுக்கா.”

“இப்போ?”

யோசித்தோம். ரெண்டும்தான்! அதை அப்போதுதான் கவனித்தோம்.

“வாடை எப்படி? ஈஸ்ட் போட்ட மாவு மாதிரியா, அழுகின மாதிரியா? வர்ற தண்ணி பழுப்பா, மஞ்சளா?”

“பாதத்தை நக்குவானா? இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் அரிச்சிருக்கா, வருஷத்துல எந்த மாசம்?”

அம்மா சொன்னாங்க, “கால் விரலை நக்கிக்கிட்டேதான் இருப்பான். அது சும்மா பழக்கம்னு நினைச்சோம். மழை முடிஞ்சா வயித்துலகூட சிவப்பா வரும்.”

அக்கா அதைக் கோடு போட்டு எழுதிக்கொண்டார்.

“டிராப்ஸ் எத்தனை நாள் விட்டீங்க? எப்படி விட்டீங்க? இந்தாங்க, இது வெறும் தண்ணி பாட்டில். இந்தப் பொம்மைக் காதுல விட்டுக் காட்டுங்க.”

அம்மா காட்டினாங்க. மடலின் உள்பக்கம் ரெண்டு சொட்டு, மேலே ஒரு துடைப்பு. அவ்வளவுதான். ரெண்டு மாசமாக விட்ட மருந்து ஒரு சொட்டுகூடப் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை!

அக்கா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. நோட்டில் ஒரு படம் போட்டார். “நம்ம காதுக் குழாய் ஏறக்குறைய நேரா உள்ள போகும்மா. நாய்க்கு அப்படி இல்லை. முதல்ல கீழே இறங்கி, அப்புறம் உள்பக்கமாத் திரும்பும். இங்கிலீஷ் ‘எல்’ எழுத்து மாதிரி. அந்தத் திருப்பத்துக்கு அப்புறம்தான் ஜவ்வு. வாசல்ல நின்னு எட்டிப் பார்த்தா கொல்லைப்புறம் தெரியுமா? அது மாதிரிதான்.”

அப்புறம் கேட்டார் பாருங்க, அந்தக் கேள்வியை.

“டாக்டர் குடுத்தது இல்லாம, வீட்ல வேற ஏதாவது விட்டீங்களா? நான் திட்ட மாட்டேன். எதுவா இருந்தாலும் சொல்லுங்க, அவனுக்கு நல்லது.”

“இல்லையே” என்றோம் நானும் அம்மாவும், ஒரே குரலில்.

அக்கா எங்களைப் பார்க்கவில்லை. ஆயாவைப் பார்த்தார். ஆயா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாங்க.

“பாட்டி?”

“பூண்டு தட்டிப் போட்டு... நல்லெண்ணெய் காய்ச்சி... வெதுவெதுன்னு ஊத்துனேன் கண்ணு. புள்ளைங்களுக்கெல்லாம் அப்படித்தானே ஊத்துவோம். ராவெல்லாம் துடிக்கிறான், பாக்க முடியலை.”

“எத்தனை தடவை பாட்டி?”

“தெனமும்.”

ரெண்டு மாசம். தினமும். ஈரமும் எண்ணெயும் அடைபட்ட காது. கிருமிக்கு இதைவிட நல்ல ஹாஸ்டல் கிடைக்குமா?

ஆயா அழ ஆரம்பித்துவிட்டாங்க. அக்கா எழுந்து அவங்க தோளைத் தொட்டு, “நீங்க சொன்னதுதான் பாட்டி இன்னைக்கு முக்கியமான தகவல்” என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. நான் மூணாவது வருஷம் நர்சிங் மாணவி. வார்டில் ‘ஹிஸ்டரி கலெக்‌ஷன்’ என்று எத்தனை கேஸ் எழுதியிருக்கிறேன்! நோயாளி சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதணும், பக்கத்தில் இருப்பவரையும் கேட்கணும், நாட்டு மருந்து எடுத்தாரா என்று கேட்கணும்... எல்லாம் தெரியும். டாக்டரிடம் ‘பரவாயில்லை சார்’ என்று சொன்ன தாத்தா, அவர் போனதும் என்னிடம், ‘அந்தச் சர்க்கரை மாத்திரையை நான் ஒரு மாசமா நிறுத்திட்டேன் பாப்பா’ என்று குசுகுசுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859-ல் நர்சிங் பற்றி எழுதிய புத்தகத்தில், நோயாளியைக் கவனித்துப் பார்ப்பதற்கென்றே ஒரு அத்தியாயம் உண்டு. பரீட்சைக்கு அதைப் படித்தவள்தான் நான். ஆனால் என் வீட்டு நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆயா ராத்திரி எதுக்கு எழுந்து அடுப்படிக்குப் போறாங்க என்றுகூடக் கேட்கவில்லை.

நிலக்கடலையும் குச்சியும்

அப்புறம் அக்கா மணியிடம் போனார். முதலில் கையை மோக்க விட்டார். அம்மாவைத் தலைப்பக்கம் உட்கார வைத்தார். சுத்தம் செய்வதற்கு முன்னாடி, மருந்து விடுவதற்கு முன்னாடி, ஒவ்வொரு காதிலும் ஒரு பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்தார். ரெண்டு கண்ணாடி ஸ்லைடில் மெதுவாக உருட்டினார். ‘இ’, ‘வ’ என்று ஓரத்தில் எழுதினார். காய வைத்து, சாயத்தில் முக்கிக் கழுவி, மைக்ரோஸ்கோப் பக்கத்தில் கொண்டு போய் வைத்தார். மொத்தம் பத்து நிமிஷம் இருக்கும்.

அப்போதுதான் டாக்டர் வந்தார். அக்கா எழுதின பக்கத்தை முழுசாகப் படித்தார். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்.

வலது காது ஸ்லைடில் விருத்தாசலம் நிலக்கடலை மாதிரி, இடுப்பு ஒடுங்கின குட்டிக் குட்டி உருவங்கள். “இது மலசீசியா. ஒரு வகை ஈஸ்ட் பூஞ்சை. நல்லா இருக்கிற காதுலயும் கொஞ்சம் இருக்கும். இவ்வளவு இருக்கக் கூடாது.” இடது காது ஸ்லைடில் கடலையைக் காணோம். குட்டிக் குச்சிகள், அதைச் சுற்றி வெள்ளணுக்கள். “இது வேற கதை. குச்சி வடிவ பாக்டீரியா. இதுல சிலது சாதாரண மருந்துக்கு மசியாது. கல்ச்சர் அனுப்பணும்.”

யோசித்துப் பாருங்க. ஒரே நாய். ரெண்டு காது. ரெண்டு வேற வேற நோய். வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டும் ‘காதைச் சொறியுது சார்’தான்!

வலி அதிகம் என்பதால் மயக்க ஊசி போட்டு, சலைனால் காதைக் கழுவி, டாக்டர் ஓட்டோஸ்கோப் வைத்துப் பார்த்தார். இடது காது ஜவ்வில் ஓட்டை. “நல்லவேளை, கேக்காம பழைய டிராப்ஸையே எழுதலை” என்றார். ஜென்டாமைசின் மாதிரி சில மருந்துகள் ஜவ்வு கிழிந்த காதில் உள்ளே இறங்கினால், கேட்கும் நரம்பையே பாதிக்கலாமாம். அதனால் காதைப் பார்க்காமல் டிராப்ஸ் விடக் கூடாது என்று சொன்னார்.

கடைசியாக ஒன்று சொன்னார். “கிருமி, பூஞ்சை எல்லாம் ரெண்டாவதா வந்து குடியேறினது. வீட்டுக் கதவைத் திறந்து விட்டது வேற ஒருத்தன். பாதத்தை நக்குறான், வருஷா வருஷம் ஒரே சீசன்ல அரிக்குது. இது அலர்ஜி. வெள்ளத் தண்ணியும் தொங்குற காதும் எண்ணெயும் அதுக்குத் துணை. அலர்ஜியைக் கவனிக்காம காதுக்கு மட்டும் மருந்து விட்டா, திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருக்கும்.”

அந்தப் ‘பாதத்தை நக்குறான்’ தகவல் எங்கேயிருந்து வந்தது? மைக்ரோஸ்கோப்பிலிருந்தா? இல்லை. தரையில் உட்கார்ந்து கேட்ட அக்காவின் நோட்டிலிருந்து.

டயக்னோசிஸ் போட்டது டாக்டர்தான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதுக்கான முக்கால்வாசிப் பொருளை அவர் மேசையில் கொண்டு வந்து வைத்தது யார்?

மூணாவது நாள் போன் வந்தது. அக்காதான். “வாடை குறைஞ்சுதா? தலையைச் சாய்க்கிறானா? நடக்கும்போது தள்ளாடுறானா?” ஏழாவது நாள் மறுபடி. பதினாலாவது நாள் நேரில். காது பார்க்க ‘பளிச்’ என்று இருந்தது. அப்பா, “நல்லாயிடுச்சே, நிறுத்திடலாமா?” என்றார். அக்கா பேசாமல் மறுபடி ஸ்லைடு எடுத்தார். கடலைகள் குறைந்திருந்தன, போகவில்லை. “பாத்தீங்களா சார், கண்ணுக்கு நல்லாயிடுச்சு. காதுக்கு இன்னும் ஆகலை.” அப்பாவின் கப்சிப்பை அன்றுதான் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நாள் மருந்து, இன்னும் ஒரு ஸ்லைடு. அப்புறம்தான் ரெண்டு காதும் கிளியர்.

அக்கா என்ன படிச்சிருக்காங்க?

கடைசித் தடவை போனபோது கேட்டேவிட்டேன். “அக்கா, நீங்க வெட்னரி நர்ஸிங் எங்க படிச்சீங்க?”

வாய்விட்டுச் சிரித்தார். “நான் பி.காம். மா. அரியர்கூட ஒண்ணு இருந்துச்சு. ரிசப்ஷனுக்குத்தான் வந்தேன். டாக்டர் ஒவ்வொண்ணா சொல்லிக் குடுத்தார்.”

“அப்போ உங்களை என்னன்னு கூப்பிடுவாங்க?”

“கம்பவுண்டர்ம்பாங்க. ஆயாம்மாம்பாங்க. சிலர் ‘ஏம்மா’ம்பாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. பிரிட்டனில் பிராணிகளுக்கான நர்ஸ்களுக்கு 1961-லேயே முறையான பயிற்சித் திட்டம் தொடங்கிவிட்டது. இன்றைக்கு அங்கே படிப்பு, பரீட்சை, பதிவு, சட்டப்படி அவர்கள் என்னென்ன செய்யலாம் என்ற வரையறை எல்லாம் உண்டு. ஸ்லைடு எடுப்பது, காது கழுவக் கற்றுக்கொடுப்பது, மறுபரிசோதனைக்குக் கூப்பிடுவது எல்லாம் அவர்கள் அன்றாட வேலை.

நம் ஊரில்? 1984-ம் வருஷத்து இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, வைத்தியம் பார்ப்பது பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் வேலை. உரிய டிப்ளமோ அல்லது சான்றிதழ் படித்தவர்களை, மருத்துவர் மேற்பார்வையில் சின்னச் சின்ன சேவைகள் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம். அரசு மருந்தகங்களில் கால்நடை ஆய்வாளர்களும் கால்நடை பராமரிப்பு உதவியாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் உலகம் பெரும்பாலும் பசு, ஆடு, தடுப்பூசி, சினை ஊசி. அதுவும் சாதாரண வேலை இல்லை, ஒரு கிராமத்தின் சோறே அதில்தான் இருக்கிறது. ஆனால் காது வலிக்கிற நாயோடு வருகிறவரிடம் உட்கார்ந்து இருபது கேள்வி கேட்பது யார் வேலை என்று கேட்டால், பதில் இல்லை.

இப்போது அந்த முதல் டாக்டரை நினைத்துப் பார்க்கிறேன். கோபம் வரவில்லை. ஒரு ஆள். அத்தனை ஆடு. ஒரு பிரசவம். அவருக்குப் பக்கத்தில் ஒரு நீலக் கோட்டு அக்கா இருந்திருந்தால்? மனுஷங்க ஆஸ்பத்திரியில் நர்ஸே இல்லாமல் ஒரே டாக்டர், நூறு நோயாளி என்று கற்பனை செய்து பாருங்க. நாளைக்கே போராட்டம் நடக்கும். மாட்டாஸ்பத்திரியில் அதுதான் தினசரி. நோயாளிகள் வாய் பேசாதவர்கள் என்பதால் யாரும் கேட்பதில்லை.

வாய் பேசாத நோயாளிக்குத்தான் கேள்வி கேட்க ஒரு ஆள் கட்டாயம் வேண்டும், இல்லையா?

ஹாஸ்டலில் பூனை, வீட்டில் நாய் வளர்க்கிற நண்பர்களே, அக்காவிடம் நான் கற்றுக்கொண்ட சில விஷயங்கள் உங்களுக்கும்:

* தலையை உதறினாலோ, காதைச் சொறிந்தாலோ, வாடை வந்தாலோ ‘அழுக்கு’ என்று விடாதீங்க. வலியில் இருக்கும் காது. தொட்டால் நல்ல நாயும் கடிக்கும்.

* பழைய டிராப்ஸ், பக்கத்து வீட்டு டிராப்ஸ், எண்ணெய், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். இயர் பட்ஸ் அழுக்கை இன்னும் உள்ளேதான் தள்ளும்.

* டாக்டரிடம் போகும் அன்று காலை காதைச் சுத்தம் செய்துவிட்டுப் போகாதீங்க. உள்ளே இருப்பதுதான் சாட்சி!

* பூனைக் காதில் காப்பித்தூள் மாதிரி கறுப்பாக இருந்தால் அது காதுப் பேனாக இருக்கலாம். வீட்டில் இன்னொரு பூனை, நாய் இருந்தால் அதையும் சொல்லுங்க.

* உண்ணி காது மடிப்பில்தான் ஒளிந்துகொள்ளும். வாரம் ஒரு தடவை விரித்துப் பாருங்க.

* வீட்டில் என்ன விட்டீங்களோ, எல்லாவற்றையும் சொல்லுங்க. பாட்டியைக் கூட்டிக்கொண்டு போங்க!

* கேட்கிறவர் டாக்டர் இல்லையே என்று அலட்சியமாகப் பதில் சொல்லாதீங்க. எங்கள் மணியைக் காப்பாற்றியது அந்தப் பதில்கள்தான்.

கேட் சத்தம்

மணி இப்போது தலையாட்டுவதில்லை. அலர்ஜிக்கு டாக்டர் சொன்னபடி கவனிக்கிறோம். தேவனாம்பட்டினம் பீச்சுக்குப் போய் வந்தால் காதைத் துடைத்து உலர்த்துவது தம்பியின் டியூட்டி. ஆமாம், கடிபட்ட அதே தம்பிதான். ரெண்டு பேருக்கும் ராசியாகிவிட்டது. ஆயா எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடுவதே இல்லை. ‘தோப்பு’ என்ற வார்த்தை எங்கள் வீட்டில் யார் வாயிலும் வருவதில்லை. அப்பா தினமும் அவனுக்கு ஒரு பொறை பிஸ்கட் கூடுதலாகப் போடுகிறார். அதுதான் அவர் கேட்கும் மன்னிப்பு.

ஆனால் எல்லாமே திரும்பி வரவில்லை.

ஜவ்வு ஆறிவிட்டது. இடது காதில் கேட்பது மட்டும் ரொம்பக் குறைந்துபோய்விட்டது. ‘முன்னாடியே வந்திருந்தா’ என்று டாக்டர் ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஒரு காது மட்டும் கேட்டால் சத்தம் வருவது தெரியும். எந்தப் பக்கமிருந்து என்பது தெரியாது.

நான் ஃபைனல் இயர் வந்துவிட்டேன். இப்போதும் சனிக்கிழமை ராத்திரி சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்குகிறேன். கேட் கொண்டியில் கை வைக்கிறேன். மணி துள்ளி எழுந்து கொல்லைப்பக்கமாக ஓடுகிறான். அங்கே யாரும் இல்லை என்று நின்று யோசிக்கிறான். அப்புறம் திரும்பி, வாசலைப் பார்த்து, என்னைக் கண்டுபிடித்து, வாலால் தரையைப் பெருக்கிக்கொண்டு வருகிறான்.

முன்பெல்லாம் அவன்தான் முதலில் வந்து நிற்பான். இப்போது அவன் வருகிற வரைக்கும் நான் நிற்கிறேன்.